கார்ட்டூன்தானே என்று விட்டுவிடலாமா?



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் வீட்டு டி.வி. ரிமோட் யார் கையில் இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு வாய் சாதம் உள்ளே போக வேண்டுமென்றால், திரையில் பூனை எலியைத் துரத்தியாக வேண்டும். ஊட்டிவிட உட்கார்ந்த பாட்டியும் ஐந்தே நிமிடத்தில் பேரனோடு சேர்ந்து சிரிக்க ஆரம்பித்துவிடுவார்.

இப்படி நம் சாப்பாட்டு நேரத்திலேயே இடம் பிடித்துக்கொண்ட ஒன்றைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? அந்தப் பூனையை வரைந்தது யார்? எந்த வருடம்? அதன் அசல் பிலிம் எங்கே இருக்கிறது? ஒரு சினிமாப் பாட்டு என்றால் இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் என்று மூன்று பெயர்களையும் மூச்சு விடாமல் சொல்லுகிறோம். கார்ட்டூன் என்றால் மட்டும், 'அது குழந்தைங்க பாக்கறது' என்று நகர்ந்துவிடுகிறோம்.

இந்த அலட்சியம் நமக்கு மட்டும் உரியதல்ல. அந்தப் படங்களை எடுத்த கம்பெனிகளுக்கே இருந்தது. அதனால் உலகம் இழந்தது கொஞ்சநஞ்சமல்ல. அப்படித் தொலைந்தவற்றில் சில பல வருடங்கள் கழித்துத் திரும்பக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் உங்களையும் என்னையும் போன்ற வீட்டு மனிதர்கள். இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

வால்ட் டிஸ்னி என்றதும் நம் எல்லோருக்கும் மிக்கி மவுஸ்தான் ஞாபகத்துக்கு வரும். மிக்கிக்கு முன்னால், 1927ல் அவர் திரைக்குக் கொண்டுவந்த கதாநாயகன் ஒரு முயல். பெயர் ஆஸ்வால்ட். யுனிவர்சல் நிறுவனம் வெளியிடுவதற்காக டிஸ்னியின் குழு ஆஸ்வால்டை வைத்து 26 குறும்படங்கள் எடுத்தது. 1928ல் பணப் பேச்சு சரிவராமல் போக, முயல் டிஸ்னியின் கையை விட்டுப் போனது. அந்த நெருக்கடியில் பிறந்தவர்தான் மிக்கி.

மிக்கி உலகப்புகழ் பெற்றார். ஆஸ்வால்டை உலகம் மறந்தது. அந்த 26 படங்களில் பல, பிரதியே இல்லாமல் போயின.

இப்போது ஜப்பானுக்கு வாருங்கள். யாசுஷி வாதனாபே என்ற பள்ளிப் பருவத்துப் பையன், ஒசாகா நகரத்தில் பொம்மை மொத்த வியாபாரி ஒருவரிடம் 500 யென் கொடுத்து ஒரு சின்ன பிலிம் சுருள் வாங்கினான். வீட்டில் போட்டுப் பார்க்கும் விளையாட்டு பிலிம். அதன்மேல் மிக்கியின் பெயர்தான் எழுதியிருந்தது. அந்தப் பையன் வளர்ந்து ஜப்பானிய அனிமேஷன் வரலாற்றை ஆராய்கிறவர் ஆனார். ஆனாலும் சிறு வயதில் வாங்கிய சுருளைத் தூக்கிப் போடவில்லை. ஏறத்தாழ 70 வருடங்கள் வைத்திருந்தார்.

தொலைந்துபோன ஆஸ்வால்ட் படங்களைப் பற்றி அமெரிக்காவில் ஒரு புத்தகம் வந்தது. அதைப் படித்தபோது அவருக்குப் பொறி தட்டியது. தன்னிடம் இருப்பது மிக்கி இல்லையே, இந்த முயலாக இருக்குமோ? பரிசோதித்துப் பார்த்தால் ஆமாம், அது 1928ல் வெளியான 'நெக் அண்ட் நெக்' என்ற படத்தின் ஒரு பகுதி. 2018ல் இந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவியது. எடுத்த நிறுவனத்திடமே இல்லாத படம், 84 வயதுப் பெரியவர் ஒருவரின் சேகரிப்பில் இருந்தது!

இதில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? வைத்திருந்ததோடு வேலை முடியவில்லை. யாரோ ஒருவர் எந்தெந்தப் படங்கள் காணவில்லை என்று மெனக்கெட்டுப் பட்டியல் போட்டு எழுதியதால்தான், கையில் இருப்பது என்னவென்று வாதனாபேக்கே தெரிந்தது. தேடி எழுதுகிறவர் ஒருவர், பத்திரப்படுத்துகிறவர் ஒருவர். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் வரலாறு மிஞ்சுகிறது.

சரி, இவ்வளவு படங்கள் ஏன் தொலைந்தன?

முதல் காரணம் பிலிமின் உடல்வாகு. 1950களின் தொடக்கம் வரை திரையரங்குகளுக்குப் போன பிலிம்கள் பெரும்பாலும் நைட்ரேட் என்ற வகை. சுலபத்தில் தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. அதற்குப் பிறகு வந்த அசிடேட் பிலிம் அவ்வளவு சுலபத்தில் தீப்பிடிக்காது. ஆனால் சூடும் ஈரக்காற்றும் பட்டால் சுருங்கி, வினிகர் வாடை அடித்து, மெல்ல அழியும். வண்ணமும் நிற்காது. 1970, 80களில் எடுத்த உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் கலர் போட்டோக்கள் சிவந்து போயிருக்கின்றனவா? கலர் பிலிமில் உள்ள சாயங்களும் அதே மாதிரிதான் ஒவ்வொன்றாக வெளுத்துப் போகின்றன.

இரண்டாவது காரணம் மனிதர்கள். படம் ஓடி முடிந்ததா, காசு வந்ததா, அவ்வளவுதான். பிலிமில் வெள்ளி இருக்கிறது. உருக்கினால் அதற்கும் விலை கிடைக்கும். கதாபாத்திரங்களைத் தீட்டிய கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாள்களைக் கழுவித் துடைத்து அடுத்த படத்துக்குப் பயன்படுத்தினார்கள். ஒரு கலைஞர் நாள் முழுக்கக் குனிந்து தீட்டியது மறுநாள் வாளித் தண்ணீரில் போனது.

படைத்தவரே தன் கையால் அழித்ததும் உண்டு. பாரிஸில் எமில் ரெய்னோ என்று ஒருவர் இருந்தார். 1892 அக்டோபர் 28 அன்று, கையால் வண்ணம் தீட்டிய படங்களை ஓடவிட்டுக் கட்டணம் செலுத்திய மக்களுக்குக் காட்டினார். லூமியேர் சகோதரர்களின் சினிமா வருவதற்கு மூன்று வருடம் முன்பு! அந்த நாளைத்தான் இன்று சர்வதேச அனிமேஷன் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் சினிமா வந்ததும் அவருடைய காட்சிகளுக்குக் கூட்டம் குறைந்தது. கடைசிக் காலத்தில் மனம் உடைந்து, தன் படச்சுருள்களில் பெரும்பாலானவற்றை செய்ன் நதியில் வீசிவிட்டார். இரண்டே இரண்டு படங்கள் மிஞ்சின.

உலகின் முதல் முழுநீள அனிமேஷன் படம் எது என்று கேட்டால் பலரும் 'ஸ்னோ ஒயிட்' என்பார்கள். அது 1937. அதற்கு 20 வருடம் முன்பே, 1917ல், அர்ஜென்டினாவில் கிரினோ கிறிஸ்தியானி என்பவர் 'எல் அப்போஸ்தோல்' என்ற அரசியல் நையாண்டிப் படத்தை எடுத்துவிட்டார். 1926ல் நடந்த தீவிபத்தில் அது எரிந்துபோனது. இன்று ஒரு நிமிடக் காட்சிகூட நம்மிடம் இல்லை. ஜியானால்பெர்தோ பெந்தாட்ஸி என்ற இத்தாலிய ஆய்வாளர் அவரைத் தேடிப் போய் எழுதியிருக்காவிட்டால், முதல் சாதனை யாருடையது என்பதே உலகத்துக்குத் தெரியாமல் போயிருக்கும்.

ஆக, இன்று நாம் பார்க்கக்கூடிய முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது 1926ல் ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்ற பெண்மணி எடுத்த 'இளவரசர் அக்மதின் சாகசங்கள்'. கறுப்புக் காகிதத்தைக் கத்தரிக்கோலால் நுணுக்கமாக வெட்டி, நம் ஊர்த் தோல்பாவைக்கூத்து போல நிழலுருவங்களாக ஆடவிட்ட படம் அது. அதன் அசல் நெகட்டிவும் தப்பவில்லை. பிரிட்டனில் பத்திரமாக இருந்த ஒரு பிரதிதான் அதை நமக்கு மீட்டுக் கொடுத்தது. எங்கோ ஓர் அலமாரியில் ஒரு பிரதி இருந்தால் போதும், படம் பிழைத்துக்கொள்ளும்.

பிலிம் தொலைவது ஒரு பக்கம். பெயர் தொலைவது இன்னொரு பக்கம்.

பக்ஸ் பன்னியை நமக்குத் தந்த வார்னர் ஸ்டூடியோவில், ஒரு படத்துக்குப் பலர் சேர்ந்து உயிர் கொடுத்தாலும், பல காலம் ஒரே ஓர் அனிமேட்டரின் பெயர்தான் டைட்டிலில் வரும். இந்தப் படத்துக்கு இவர், அடுத்ததற்கு அவர் என்று முறை வைத்துப் போட்டார்கள். சில வருடம் கழித்து அந்தப் படங்களை மறுவெளியீடு செய்தபோது, பலவற்றில் பழைய டைட்டிலையே எடுத்துவிட்டுப் புது அட்டையை ஒட்டினார்கள். இருந்த ஒரு பெயரும் போயிற்று.

பிறகு எப்படி இன்று 'இந்தக் காட்சியை வரைந்தது இன்னார்' என்று சொல்ல முடிகிறது? சிலர் உட்கார்ந்து தேடினார்கள். மைக்கேல் பாரியர், மில்டன் கிரே போன்றவர்கள் வயதான அனிமேட்டர்களின் வீடுகளுக்குப் போய், டேப் ரெக்கார்டரை வைத்து, பொறுமையாகப் பேட்டி எடுத்தார்கள். பாரியர் 1999ல் வெளியிட்ட 'ஹாலிவுட் கார்ட்டூன்ஸ்' என்ற பெரிய புத்தகத்துக்கு அந்தப் பேட்டிகள்தான் அஸ்திவாரம். பேசியவர்கள் இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் சொன்னது இருக்கிறது.

பெண் வாசகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதையும் உண்டு. அனிமேஷனின் ஆரம்பக் காலத்துக் கலைஞர்கள் பலர் சேர்ந்து இருக்கும் ஒரு பழைய படம். நடுவே ஒரு பெண். யார் இவர் என்று மிண்டி ஜான்சன் என்ற ஆய்வாளர் கேட்டார். துப்புரவுப் பணியாளராகவோ செகரட்டரியாகவோ இருக்கலாம் என்று பதில் வந்தது. அவர் அதை ஏற்கவில்லை. விடாமல் தேடினார். அந்தப் பெண்ணின் பெயர் பெஸ்ஸி மே கெல்லி. 1910களின் கடைசியிலேயே ஸ்டூடியோக்களில் வேலை செய்த அனிமேட்டர் என்று தெரிந்தது.

கெல்லியின் உறவினர் குடும்பத்திடம் அவருடைய பொருள்களும் பிலிம்களும் இருந்தன. அவற்றில் 1921ல் அவர் வரைந்து முடித்த 'ஃப்ளவர் ஃபேரீஸ்' கிடைத்தது. ஒரு பெண் கையால் வரைந்து இயக்கிய அனிமேஷன் படங்களில், இன்று நமக்குக் கிடைப்பதில் மிகப் பழையது அதுதான். 2022 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் அதைத் திரையிட்டார்கள். 'நம்ம அத்தையோட பழைய டப்பா, எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு' என்று அந்தக் குடும்பம் அதைக் குப்பையில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இனி நம் பக்கம் வருவோம்.

தாதாசாகேப் பால்கே 1915லேயே தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்திப் படம் எடுத்துப் பார்த்தவர். டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் 1956ல் மும்பை வந்து, மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவுக்குப் பயிற்சி கொடுத்தார். அங்கே சேர்ந்த இளைஞர்களில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்ற ராம் மோகன். இந்திய அனிமேஷனின் தந்தை என்று பின்னாளில் எல்லோரும் கொண்டாடியது அவரைத்தான். ஜப்பானியரான யூகோ சாகோவோடு அவர் இணைந்து இயக்கிய 'ராமாயணம்' அனிமேஷன் படம், 2025 ஜனவரியில் 4கே தரத்தில் தமிழிலும் பேசிக்கொண்டு நம் தியேட்டர்களுக்கு வந்தது. 30 வருடத்துக்கு முந்தைய படம் புதுப் பொலிவோடு வர முடிந்தது எதனால்? பிலிம் பத்திரமாக இருந்ததால்.

நமக்கு இன்னும் நெருக்கமான நினைவுகளும் உண்டு. தூர்தர்ஷனில் அடிக்கடி வந்த, ஒற்றுமையின் பலத்தைப் பறவைகள் வலையோடு பறக்கும் கதையில் சொன்ன 1974ம் வருடத்துக் குறும்படம். 1989ல் 'ராஜா சின்ன ரோஜா'வில் ரஜினியும் குழந்தைகளும் கார்ட்டூன் மிருகங்களோடு ஆடிய பாட்டு. 2007ல் சுட்டி டி.வி. தொடங்கியதும் டோராவும் ஜாக்கி சானும் தமிழில் பேச ஆரம்பித்தார்கள். அன்று பள்ளிவிட்டு ஓடிவந்து அதைப் பார்த்த பிள்ளைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள், சிலர் பெற்றோராகவும் ஆகிவிட்டார்கள். அந்த வசனங்களைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்த வசனங்களை நம் பேச்சுத் தமிழில் எழுதியவர் யார்? குரல் கொடுத்தவர் யார்? ஒரு பெயர் சொல்ல முடியுமா நம்மால்? ஒரு தலைமுறையின் சிரிப்பைத் தந்தவர்கள் அவர்கள். நம் ஊரிலேயே, ஏதோ ஒரு தெருவில்தான் இருக்கிறார்கள். இப்போது கேட்டால் சொல்வார்கள். இருபது வருடம் கழித்து யாரைக் கேட்பது?

'எல்லாம்தான் இன்டர்நெட்ல இருக்கே' என்று நீங்கள் சொல்லலாம். இன்று இருக்கிறது, சரி. நாளை? 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் எச்.பி.ஓ. மேக்ஸ் என்ற ஓ.டி.டி. தளம், 'இன்ஃபினிட்டி டிரெயின்' உள்படப் பல அனிமேஷன் தொடர்களை ஒரே வாரத்தில் தூக்கிவிட்டது. வருடக்கணக்கில் உழைத்து எடுத்தவர்களே திகைத்துப்போனார்கள். நமக்குக் காட்டுகிறார்கள் என்பதாலேயே அது பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தமாகிவிடாது.

இன்னொரு நியாயமான கேள்வியும் வரும். பழைய கார்ட்டூன்கள் சிலவற்றில் கறுப்பின மக்களையும் ஆசியர்களையும் கேவலமாகக் காட்டியிருக்கிறார்களே, அதையுமா காப்பாற்ற வேண்டும்? காப்பாற்றத்தான் வேண்டும் என்பது என் கருத்து. குழந்தைகளுக்கு வேடிக்கையாகப் போட்டுக் காட்ட அல்ல. அன்று சமூகம் எப்படி யோசித்தது, அது ஏன் தவறு என்று விளங்கவைக்க ஆதாரம் வேண்டுமே. அழித்துவிட்டால், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்பவர்களுக்குத்தான் வசதி.

இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் வேலை, நம்மால் என்ன ஆகும் என்று நினைக்காதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறதே, அது எங்கிருந்து தொடங்கியது? செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ஒருவர், பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் நோட்டீஸ்களையும் விடாமல் சேர்த்தார். அந்தச் சேகரிப்பைத் தேடி இன்று உலகம் முழுவதிலுமிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். ஒரு வீட்டின் அக்கறை எவ்வளவு தூரம் போகும் பாருங்கள்.

நாம் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

பரணில் பழைய வீடியோ கேசட்டுகள் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். டி.வி.யிலிருந்து பதிவு செய்த கேசட்டில் கார்ட்டூனும், நடுவில் வந்த பழைய விளம்பரமும், அறிவிப்பாளர் குரலும் சேர்ந்தே இருக்கும். வேறெங்கும் இல்லாத ஒன்று அதில் இருக்கலாம். ஆனால் தள்ளிப் போடாதீர்கள். காந்த நாடா நாளாக ஆகப் பலவீனமாகும். அதை ஓட்டும் வி.சி.ஆர். தயாரிப்பும் 2016ல் உலகம் முழுக்க நின்றுவிட்டது. ஓடும் மெஷின் இருக்கும்போதே டிஜிட்டலுக்கு மாற்றி, இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். எந்த சேனல், ஏறத்தாழ எந்த வருடம் என்று ஒரு சீட்டில் எழுதி வைப்பது அதைவிட முக்கியம்.

பிலிம் சுருள் கிடைத்தால், ஆர்வத்தில் எந்த புரொஜெக்டரிலும் மாட்டிவிடாதீர்கள். பழைய பிலிம் பொடிந்துவிடும். சமையலறை, மொட்டைமாடி அறை போன்ற சூடான இடங்களிலிருந்து விலக்கி வையுங்கள். மிகப் பழையது என்று தோன்றினால், 1964 முதல் புனேயில் இயங்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திடம் கேளுங்கள்.

உங்கள் குடும்பத்தில் யாராவது அனிமேஷன் ஸ்டூடியோவில் வரைந்திருக்கிறாரா, டப்பிங் பேசியிருக்கிறாரா, விளம்பரப் படங்களுக்கு வேலை செய்திருக்கிறாரா? ஒரு மாலைப் பொழுது அவர் பக்கத்தில் உட்காருங்கள். கையில் போன் இருக்கிறது, பதிவு செய்யுங்கள். என்ன வேலை செய்தார், கூட யார் இருந்தார்கள், எவ்வளவு சம்பளம் வாங்கினார், எதை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது என்று கேளுங்கள். உலகத்தின் அனிமேஷன் வரலாற்றில் நிறைய இப்படிக் கேட்டு எழுதியதுதான்.

குழந்தைகளுக்கும் ஒரு பழக்கம் உண்டாக்கலாம். படம் முடிந்ததும் உடனே சேனல் மாற்றாமல், ஓடும் பெயர்களில் ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள். நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு பந்தைக் கொஞ்சம் நகர்த்தி வரையவைத்து, சரசரவென்று புரட்டிக் காட்டுங்கள். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 பிரேம்கள் ஓடும். அதற்குப் பொதுவாகப் பன்னிரண்டு படங்களாவது வரைய வேண்டியிருக்கும் என்று சொல்லுங்கள். அதன் பிறகு 'கார்ட்டூன்தானே' என்ற வார்த்தை அந்தக் குழந்தையின் வாயில் வராது.

இந்த அக்டோபர் 28 அனிமேஷன் தினத்துக்கு நம் இதழில் சில பக்கங்களை உங்களுக்காக ஒதுக்க நினைத்திருக்கிறேன். நீங்கள் தமிழில் கேட்டு வளர்ந்த கார்ட்டூன் எது, யார் குரல், யார் எழுத்து, வீட்டில் என்ன பதிவு இருக்கிறது என்று தெரிந்ததை எழுதி அனுப்புங்கள். பெயர் மட்டும் ஞாபகம் இருந்தாலும் போதும். இன்னொரு வாசகர் மீதியைச் சொல்வார். நமக்குச் சிரிப்புத் தந்தவர்களின் பெயர்களை நாமே எழுதி வைப்போம். நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப்போகிறார்கள்?

அன்புடன்,
ஆசிரியர்